மனிதர் விலகும்வரை காத்திருக்கும் கண்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கிறார். இங்கிலாந்தின் நார்விச் நகரில் பணிபுரியும் மகனிடம் மூன்று மாதம் தங்கிவிட்டு அண்மையில் ஊர் திரும்பினார். வந்த மறுவாரமே, கைப்பேசியில் எடுத்த படங்களை அச்சிட்டுக் கோத்த தடித்த ஆல்பம் ஒன்றைச் சுமந்துகொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, அந்நாட்டுக் கிராமங்களை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். கோயில் என்றால் அதுவல்லவா கோயில்!" என்று முகம் மலரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

உள்ளபடியே அழகான படங்கள். சக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய உருண்டைக் கோபுரங்கள். எழுத்தழிந்து சாய்ந்து நிற்கும் கல்லறைக் கற்கள். அவற்றின்மேல் குடைபோலக் கவிந்த யூ மரங்கள். நாணல் வேய்ந்த குடில்கள். வண்ணக் கண்ணாடி வழியே வெறுந்தரையில் விழும் மாலை வெயில். பாதி ஆல்பம் கடந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு படத்திலேனும் ஒரு மனிதர் இல்லை. வாசலில் இல்லை, இருக்கையில் இல்லை, பீடத்தருகிலும் இல்லை. "ஆட்களே இல்லையா, சார்?" என்று கேட்டேன்.

"இருந்தார்கள் சாமி. ஆட்கள் வந்தால் படம் கெட்டுவிடும் அல்லவா? இதோ, இந்தக் கோயிலில் ஒரு மூதாட்டி பூச்சாடிகளை மாற்றிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் ஆக்கிவிட்டார். அவர் போகும்வரை வெளியே காத்திருந்துதான் எடுத்தேன்."

அந்தச் சொல்லை மறுக்கவே இக்கட்டுரை. அவரை மறுக்க அன்று. அவர் நல்லவர், ஞாயிறு தவறாதவர். அவருடைய கண்ணிலும் நம்மில் பலருடைய கண்ணிலும் கேளாமலே குடியேறிவிட்ட ஒரு பார்வையை நான் மறுக்கிறேன். ஆள் இல்லாமையே அழகு என்று கருதும் பார்வை அது. நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் சுற்றுலா ஏடுகளிலும் இங்கிலாந்தின் நாட்டுப்புறம் இப்படித்தான் நமக்குக் காட்டப்படுகிறது. நாமும் அதைப் புனிதம் என்று நம்பிச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம். அது புனிதமன்று என்பதே என் வழக்கு.

இந்தப் பார்வைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் லேக்காக் என்னும் சிற்றூர் இருக்கிறது. கணவரை இழந்த சாலிஸ்பரிச் சீமாட்டி ஈலா, 1232ஆம் ஆண்டு அங்கே அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் கன்னியர் மடம் ஒன்றை நிறுவினார். பின்னர்த் தாமே அதில் புகுந்து மடத்தலைவியுமானார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேளைதோறும் திருப்பாடல் ஒலித்தது. 1539இல், எட்டாம் ஹென்றி மன்னர் துறவு மடங்களை ஒழித்த நாளில், அம்மடமும் மூடப்பட்டது. அதை விலைக்கு வாங்கிய வில்லியம் ஷேரிங்டன் என்பவர் கன்னியர் செபித்த கோயிலை இடித்துவிட்டு, எஞ்சிய மடத்தைத் தம் மாளிகையாக்கிக்கொண்டார்.

அதே வீட்டில், 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவ்வீட்டின் அப்போதைய உரிமையாளரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், ஒரு சாளரத்தை நோக்கிச் சிறிய மரப்பெட்டி ஒன்றை வைத்தார். வேதிப்பொருள் பூசிய சிறு தாளில் அச்சாளரத்தின் வடிவம் பதிந்தது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. நிழற்படக் கலையின் தொட்டில்களுள் ஒன்று, செபம் வெளியேற்றப்பட்ட ஒரு மடத்தின் சுவர்களுக்குள் ஆடியது. இதில் மந்திரம் எதையும் தேட வேண்டாம். டால்பட் நேர்மையான அறிஞர். மடத்தை மூடியவர் அவரல்லர். ஆயினும் அந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது நமக்கு நல்லது.

டால்பட் 1844ஆம் ஆண்டு தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்ட படநூலில் 'திறந்த கதவு' என்னும் படம் ஒன்று உண்டு. கல் சுவரில் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. அருகே ஒரு துடைப்பம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு விளக்கு தொங்குகிறது. நாட்டுப்புற வாழ்வைக் காட்டும் அருமையான படம் என்று கலை வல்லுநர் இன்றும் போற்றுகின்றனர், போற்றத் தக்கதுதான். ஆனால் துடைப்பம் இருக்கிறது, பெருக்கியவர் இல்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் படங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

தொடக்கத்தில் இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அக்காலத்து வேதிப்பொருள்கள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றன. ஒரு காட்சி பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. அந்நேரத்தில் அசையாத கல்லும் மரமும் பதியும். நடப்பவரும் உழைப்பவரும் தடமின்றி மறைந்துபோவர். பிரான்சு நாட்டு டாகர் 1838இல் பாரிஸ் நகரின் பரபரப்பான தெரு ஒன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. காலணிக்கு மெருகேற்ற ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டுமே தெளிவாகத் தேறியது. காமிரா பிறக்கும்போதே அசைபவரைக் காணாத குருடோடு பிறந்தது எனலாம்.

1880களுக்குள் அக்குறை நீங்கிற்று. விரைவில் ஒளியை ஏற்கும் தகடுகள் வந்தன. ஓடும் குதிரையையும் பிடிக்க முடிந்தது. குருடு நீங்கியது, குருட்டின் சுவை மட்டும் நீங்கவில்லை. முன்பு இயலாமையால் விடுபட்ட மனிதர்கள் இப்போது விருப்பத்தால் விடுபட்டனர். ஃபிரெடெரிக் எவன்ஸ் என்னும் மாபெரும் கலைஞரை எண்ணிப் பாருங்கள். புத்தக வணிகராயிருந்து நிழற்படக் கலைக்கு வந்தவர். பேராலயங்களின் உள்ளே ஒளி நகரும் விதத்தைப் பொறுமையோடு கற்றுப் படமெடுத்தவர். வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த கற்படிகளை 1903இல் அவர் எடுத்த 'படிகளின் கடல்' உலகப் புகழ் பெற்றது. எத்தனையோ தலைமுறைகளின் பாதங்கள் தேய்த்த படிகள் அவை. அலையலையாய்ப் படிகள் தெரிகின்றன. பாதம் ஒன்றுகூட இல்லை. அப்படத்தின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் அதையே ஆலயம் என்று என் மக்களுக்குக் காட்டினால் தலை நிமிர்ந்து மறுப்பேன்.

சுவையோடு காலமும் சேர்ந்துகொண்டது. 1870கள் முதல் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக இறங்கியது. இங்கிலாந்தின் வேளாண்மை நெடுங்காலம் நொடிந்து கிடந்தது. கூலி போதாத நாட்டுப்புறத் தொழிலாளர் நகரங்களுக்கும் கடல் கடந்தும் போயினர். கிராமம் காலியாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் கிராமத்தின் படங்கள் நகரத்துச் செல்வரின் கூடங்களில் ஏறின. நாட்டுப்புற மாளிகைகளையும் வயல்வெளிகளையும் அழகழகாய் அச்சிட்ட 'கன்ட்ரி லைஃப்' வார ஏடு 1897இல் தொடங்கிற்று. அதே 1897இல் நாடாளுமன்ற உறுப்பினர் சர் பெஞ்சமின் ஸ்டோன், தேசிய நிழற்படப் பதிவுச் சங்கத்தை நிறுவினார். மறைந்துபோகும் பழைய கட்டடங்களையும் ஊர் வழக்கங்களையும் படமெடுத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சேர்ப்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் உழைத்தவன் வீட்டை விட்டுப் போகும்போது அவனைத் தடுக்காமல், அவன் விட்டுச்சென்ற வீட்டைப் படமெடுத்து வைக்கும் அன்பு எத்தகைய அன்பு?

அந்த ஸ்டோன் ஆள் விலக்கியவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஆபட்ஸ் பிராம்லி என்னும் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை கலைமான் கொம்புகளைத் தோளில் தாங்கி ஆடவர் ஆடும் பழைய ஆட்டம் உண்டு. அந்த ஆட்டக்காரரை அவர் வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார். அவருடைய சங்கம் 1910இல் கலைக்கப்பட்டது. ஆட்டமோ இன்றும் நடக்கிறது. கொம்புகள் அவ்வூர்க் கோயிலில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. பதிவு செய்ய வந்த சங்கம் மறைந்தது, மறைந்துவிடும் என்று பதிவு செய்யப்பட்ட ஆட்டம் நிலைத்தது. ஏன்? ஊரார் கால் வலிக்க ஆடினார்கள். பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். மரபு ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும்.

இனி, ஆளற்ற படம் எதை மறைக்கிறது என்பதற்கு வருவோம். ஆசிரியரின் ஆல்பத்தில் நார்ஃபோக் பகுதியிலுள்ள பின்ஹாம் மடத்தின் இடிபாடுகள் நான்கு படங்களில் இருந்தன. ஒரு காலத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் வாழ்ந்த இடம். மடம் அழிந்தாலும் அதன் கோயிலின் ஒரு பகுதி ஆங்கிலிக்கன் சபையின் பங்குக் கோயிலாக இன்றும் வாழ்கிறது. அதனுள்ளே பழைய மரத்தடுப்பின் பலகைகள் சில உள்ளன. மக்கள் நிற்கும் பகுதிக்கும் பீடப்பகுதிக்கும் இடையே நின்ற தடுப்பு அது. அதில் புனிதர்களின் உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. சமயச் சீர்திருத்தக் காலத்தில் அவற்றின்மேல் வெள்ளை பூசி, ஆங்கில விவிலிய வசனங்களைக் கறுப்பு எழுத்தில் எழுதினர். நூற்றாண்டுகள் கடந்தன. வெள்ளைப் பூச்சு மெல்ல மெல்ல உதிர, எழுத்துகளின் இடுக்குகளிலிருந்து புனிதர்களின் முகங்கள் இன்று வெளியே பார்க்கின்றன. ஒரு நாட்டின் சமய வரலாறு முழுவதும் ஒரே பலகையில் இருக்கிறது. ஆசிரியரின் நான்கு படங்களில் ஒன்றிலும் அப்பலகை இல்லை. "அது பழுதடைந்து கிடந்தது சாமி, அதனால் எடுக்கவில்லை" என்றார்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் உடனே ஒரு முடிவுக்குத் தாவுவர்: "ஆகா, இவையெல்லாம் நம் கோயில்கள்! நம்மிடமிருந்து பறிக்கப்பட்டவை!" அந்தத் தாவலையும் நான் மறுக்கிறேன். உடைமையை எண்ணிப் பெருமூச்செறிவதும் மனிதரை மறக்கும் இன்னொரு வழியே. நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கோயில்களில் ஆங்கிலிக்கன் மக்கள் தம் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்திருக்கின்றனர். தம் இறந்தோரை அடக்கம் செய்திருக்கின்றனர். முதல் உலகப் போரில் மாண்ட ஊர் இளைஞரின் பெயர்களைச் சுவரில் பொறித்து, ஆண்டுதோறும் நவம்பரில் அப்பெயர்களை உரக்கப் படித்து அழுதிருக்கின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிரிந்த சகோதரரிடத்தில் விளங்கும் அருளை மதிக்க நமக்குக் கற்பிக்கிறது. பூச்சாடி மாற்றிய அந்த மூதாட்டி நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் ஆண்டவரின் வீட்டுக்குப் பூ வைத்தவர் அவர். நம்மவரோ அவர் எப்போது போவார் என்று கடிகாரத்தைப் பார்த்து நின்றார்.

மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகார முடிவையும் பதின்மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தையும் இடைவெளியின்றிச் சேர்த்துப் படியுங்கள். நடுவே அதிகார எண் விழுந்துவிட்டதால் நாம் இரண்டையும் பிரித்தே கேட்டுப் பழகிவிட்டோம். எருசலேம் கோயிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்த இயேசு, இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பார்க்கிறார். சீடரை அழைத்து அவளைக் காட்டுகிறார். அடுத்த காட்சியிலேயே, கோயிலை விட்டு வெளியேறும்போது, சீடருள் ஒருவர் அவருக்கு எதைக் காட்டுகிறார்? எப்பேர்ப்பட்ட கற்கள், எப்பேர்ப்பட்ட கட்டடங்கள் என்று கற்களைக் காட்டுகிறார்! சற்றுமுன் காட்டப்பட்ட பெண் அதற்குள் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள். அந்தக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று நில்லாதபடி இடிபடும் என்பதே ஆண்டவர் தந்த விடை. அன்றைய சீடர் கையில் காமிரா இருந்திருந்தால், அந்தக் கைம்பெண் போகும்வரை காத்திருந்துதான் படமெடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். நிழற்படம் இல்லாவிட்டால் அக்கோயில்கள் எப்போதோ அழிந்திருக்குமே என்பர். இதில் உண்மை உண்டு. 1940 நவம்பரில் கவென்ட்ரி பேராலயம் குண்டுவீச்சில் எரிந்தது. அடுத்த ஆண்டே தேசியக் கட்டடப் பதிவகம் தொடங்கப்பட்டு, அழியக்கூடியவற்றைப் படமெடுக்கும் பணி விரைந்து நடந்தது. மக்கள் குறைந்து கைவிடப்பட்ட ஆங்கிலிக்கன் கோயில்களைக் காக்க 1969இல் தோன்றிய அறக்கட்டளை இன்று 350க்கு மேற்பட்ட கோயில்களைப் பேணுகிறது. அவற்றின் படங்களைக் கண்டு உதவுவோர் பலர். பாதுகாப்போரை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையையே மீண்டும் ஒருமுறை பாருங்கள். அத்தனை ஊர்களில் கூரைக்குப் பணம் கிடைத்திருக்கிறது, கும்பிட ஆள் கிடைக்கவில்லை. அதைப் படமாக்கி அமைதி என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்? இழவு வீட்டின் மௌனத்தைத் தியானம் என்று சொல்வோமா?

வெறுமையான கோயிலில்தானே செபம் ஆழமாகும் என்றும் கேட்பர். நானும் விடியுமுன் தனியே கோயிலில் அமர்பவன்தான். ஆனால் என் வெறுமையான கோயிலில் நேற்றைய பூசையின் மெழுகு மணம் இருக்கிறது. யாரோ மறந்துவிட்ட செபமாலை இருக்கையில் கிடக்கிறது. இன்னும் அரைமணியில் கோயில்பிள்ளை மணி அடிப்பார். அது மக்கள் வரப்போகும் வெறுமை. நான் மறுப்பது மக்கள் வந்துவிடக்கூடாதே என்று அஞ்சும் வெறுமையை.

அப்படியானால் காமிராவைத் தூக்கி எறிவதா? வேண்டியதில்லை. இங்கிலாந்தே நமக்கு நல்ல எடுத்துக்காட்டையும் தந்திருக்கிறது. ஜேம்ஸ் ரவிலியஸ் என்பவர் 1972ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் வட டெவன் பகுதியின் கிராமங்களை மட்டுமே படமெடுத்தார். எங்கிருந்தோ வந்து எடுத்துச் செல்லவில்லை. அங்கேயே குடியிருந்து எடுத்தார். எழுபதாயிரத்திற்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் சேர்ந்தன. ஆடு ஈனும் இரவுகள், பனியில் தீவனம் சுமப்பவர், ஊர்க் கூட்டங்கள், நோயுற்ற ஆடுகளுக்கு ஐவிக்கொடி கொண்டுபோகும் முதியவர் என்று ஒரு நாட்டுப்புறமே அவற்றில் மூச்சு விடுகிறது. சேறும் மழையும் கிழிந்த கோட்டும் அப்படியே இருக்கின்றன. அவர் படத்தில் வந்தவர்கள் அவரை அறிவார்கள். அவரும் அவர்களை அறிவார். நல்ல ஆயன் தன் ஆடுகளை அறிவான் என்ற சொல்லை அங்கே காமிராவே கடைப்பிடித்தது எனலாம்.

பொதுநிலையினர் கேட்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. நார்ஃபோக்கில் ஹவுட்டன் ஆன் த ஹில் என்னுமிடத்தில் கூரையிழந்து, ஐவிக்கொடி மூடி, புதர் மண்டிய ஒரு சிறு கோயில் கிடந்தது. 1992இல் அதைக் கண்ட பாப் டேவி என்னும் முதியவர் அதை ஓர் இடிபாடாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை. புதரை வெட்டினார், ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கோயிலை மீட்டார். சீரமைப்பின்போது பூச்சின் அடியிலிருந்து பதினோராம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அரிய சுவரோவியங்கள் வெளிப்பட்டன. கொடி மூடிய கோபுரம் கண்ணுக்கு இனிய படமாக அமைந்திருக்கும். அந்தப் படம் வேண்டாம் என்று கத்தியை எடுத்த ஒருவரால்தான் அந்த ஓவியங்கள் நமக்குக் கிடைத்தன.

இவ்வளவும் சொல்லக் காரணமான இடத்திற்கு இப்போது வருகிறேன். ஆசிரியரின் ஆல்பத்தில் கடைசிப் பக்கங்கள் வால்சிங்காம் திருத்தலத்தைச் சேர்ந்தவை. 1061ஆம் ஆண்டு ரிச்செல்டிஸ் என்னும் பெண்மணி, நாசரேத்தின் திருக்குடும்ப இல்லத்தைப் போல ஒரு வீட்டை அங்கே கட்டினார் என்பது மரபு. இடைக்காலத்தில் மன்னரும் ஏழையரும் நடந்து வந்த திருத்தலம் அது. 1538இல் மடம் மூடப்பட்டது. அன்னையின் திருவுருவம் லண்டனுக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. மடத்துக் கோயிலின் கீழ்ச்சுவரில் இருந்த மாபெரும் சாளரத்தின் வளைவு மட்டும் இன்று புல்வெளியில் தனியே நிற்கிறது. காமிரா ஏந்தியவர் எவரும் அதை விடமாட்டார். ஆசிரியரும் விடவில்லை. காலை, நண்பகல், மாலை என மூன்று வெயிலில் எடுத்திருந்தார். யாருமில்லாத புல்வெளி, யாருமில்லாத வளைவு.

"எந்த நாளில் போனீர்கள்?" என்று கேட்டேன். "ஜூலையில் சாமி. மகன் குடும்பத்தோடு தமிழர் திருயாத்திரைக்குப் போனோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வளைவிலிருந்து ஒரு கல் தொலைவில், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகச் சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. மிதியடிக் கோயில் என்பது அதன் பெயர். பழைய யாத்திரிகர் அங்கே காலணியைக் கழற்றிவிட்டு எஞ்சிய தொலைவை வெறுங்காலுடன் நடந்தனர் என்பர். சீர்திருத்தத்திற்குப் பின் அது மாட்டுத்தொழுவமாகவும் களஞ்சியமாகவும் கிடந்தது. சார்லட் பாய்டு என்னும் பெண்மணி 1890களில் அதை வாங்கிச் செப்பனிட்டார். 1934இல் கர்தினால் போர்ன் தலைமையில் மக்கள் திரண்டு வர, அது இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தேசிய மாதா திருத்தலமாயிற்று. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். அங்கேதான் ஆண்டுதோறும் ஜூலையில் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். பெரும்பாலோர் போரால் இலங்கையை விட்டுச் சிதறியவர்கள். மடுத் திருத்தலத்து அன்னையிடம் அழுத கண்ணீரின் மிச்சத்தை அங்கே கொண்டுபோய் அழுகிறார்கள். இந்துச் சகோதரரும் உடன் வருகின்றனர். எட்டாம் ஹென்றி ஊமையாக்கிய அந்தப் பாதையில் இன்று தமிழில் செபமாலை ஒலிக்கிறது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு காமிரா காணத்தக்க காட்சி இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

"அந்தப் படங்கள் எங்கே, சார்?" என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். "அதில் என்ன இருக்கிறது சாமி? நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரிதான் இருந்தது. அதனால் எடுக்கவில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் போய் வளைவை எடுத்தேன்."

அன்பர்களே, ஆளற்ற அழகுக்குப் பழகிய கண் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். முதலில் வேற்றூர் மூதாட்டி படத்தைக் கெடுப்பவர் ஆகிறார். பிறகு நம் சொந்த மக்களே, அதுவும் வீடிழந்து வந்து அன்னையின் காலடியில் விழுந்த மக்களே, படத்தைக் கெடுப்பவர் ஆகின்றனர். பீட்டரின் முதல் திருமுகம் நம்மை உயிருள்ள கற்கள் என்கிறது. உயிருள்ள கல்லை ஒதுக்கி உயிரற்ற கல்லை வணங்கும் கண்ணைப் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எந்தப் பெயரால் அழைத்திருப்பர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நமக்குள்ளும் இந்தக் கண் வந்துவிட்டது. நம் பங்குகளின் நூற்றாண்டு மலர்களைத் திறந்து பாருங்கள். அட்டையில் புது வண்ணம் பூசிய கோயில், வெறிச்சென்று. உள்ளே நன்கொடையாளர் பட்டியல். அறுபது ஆண்டு கோயிலைக் கூட்டிய பெண்ணின் படம் எந்தப் பக்கத்தில்? கட்டடத்தைத் திருச்சபை என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால், ஒரு நாள் அவர்கள் கட்டடத்தை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள். இங்கிலாந்தின் பூட்டிய கோயில்கள் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை அது.

ஆகவே வெளிநாடு செல்லும் அன்பர்களை வேண்டுகிறேன். பழைய கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் முழந்தாளிடுங்கள். அது எந்தச் சபையின் கோயிலாயினும் அங்கே செபித்தோருக்காகச் செபியுங்கள். அங்கிருப்பவரோடு பேசுங்கள், இக்கோயிலில் எத்தனை பேர் கூடுகிறீர்கள், எந்த நாளில், எதற்காக மன்றாடுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் இசைந்தால் அவரையும் சேர்த்துப் படமெடுங்கள். எடுத்த படத்தின் ஒரு பிரதியை மறவாமல் அவருக்கு அனுப்புங்கள். வெளிச்சம் சற்றுக் குறையலாம், கோணம் பிசகலாம். குறை இல்லை.

ஆசிரியர் விடைபெற எழுந்தபோது, "அந்தப் பூ வைத்த அம்மாவின் பெயரைக் கேட்டீர்களா?" என்றேன். "இல்லை சாமி" என்றார். ஆல்பத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அடுத்த கோடையில் மகன் மீண்டும் கூப்பிட்டிருக்கிறான். அந்த ஊர் எது என்று எனக்கு நினைவிருக்கிறது."